போணி ஆகாத முகம்

திருச்சானூரில் அலர்மேல்மங்கைத் தாயார் கோயிலுக்கு எதிரே குங்குமமும் வளையலும் பூவும் தேங்காயும் விற்று ஜீவனம் செய்துவரும் கடைவீதி அன்பர்கள் அனைவருக்கும்,

முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்குச் சித்திரம் கற்பித்துவிட்டு, இப்போது சாயங்கால வேளைகளில் உங்கள் கடை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து பொழுது போக்குகிறவனும், நீங்கள் 'டிராயிங் சார்' என்று மரியாதையாக அழைத்து வருகிறவனுமாகிய நான் எழுதிக்கொள்வது. தினமும் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர்களுக்கு மடல் எதற்கு என்று கேட்பீர்கள். நேரில் பேசத் தொடங்கினால் வாக்கியத்தின் நடுவே கிராக்கி வந்துவிடுகிறது. கிராக்கி போன பிறகு நான் விட்ட இடம் எனக்கே மறந்து போகிறது. இதைத் தவிர வேறொரு காரணமும் உண்டு. அன்றைக்கு நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் சரியான பதில் சொல்லாமல் சிரித்து மழுப்பிவிட்டேன். அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

உங்களில் பாதிப் பேர் வீட்டிலே தமிழ் பேசிப் பள்ளிக்கூடத்திலே தெலுங்கு படித்தவர்கள் என்பதை அறிவேன். வட ஆர்க்காட்டிலிருந்து பிரித்து 1911-ல் சித்தூர் ஜில்லா அமைத்தார்கள்; 2022-ல் சித்தூரிலிருந்து பிரித்துத் திருப்பதி ஜில்லா ஆக்கினார்கள்; பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே எழுதுவது மாறியதே தவிர, பூக்கூடையை இறக்கும்போது 'அம்மாடி' என்று வரும் சொல் மாறவில்லை. ஆகவே தமிழ் எழுத்துக் கூட்டத் தெரிந்த தேங்காய்க் கடைப் பெரியவர் இதை மற்றவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்ட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்றைக்கு என்றால், கார்த்திகை பிரம்மோற்சவம் முடிந்து, பஞ்சமி தீர்த்தத்துக்கு மறுநாள். திருமலையிலிருந்து தாயாருக்கு மஞ்சளும் குங்குமமும் புடவையுமாக வரிசை வந்து, பத்ம சரோவரத்தில் சக்கரஸ்நானம் நடந்து, எங்கெங்கிருந்தோ வந்த ஜனங்களெல்லாம் ஈரத் துணியோடு பஸ் ஏறிப் போய்விட்ட பிற்பாடு, வீதி முழுவதும் மிதிபட்ட சாமந்தியும் தேங்காய் நாருமாகக் கிடக்க, நீங்கள் எல்லாரும் கல்லாவைக் கணக்குப் பார்த்து முடித்து, வியாபாரமும் இல்லாமல் வீட்டுக்குப் போகவும் மனமில்லாமல் உட்கார்ந்திருந்தீர்கள். அந்த நேரம் பார்த்து நான் என் பழைய சித்திரப் புத்தகத்தை எடுத்துவந்து வளையல் கடைத் திண்ணையில் விரித்தேன். அதில் இரண்டு படங்களைத்தான் நாம் பார்த்தோம். இரண்டும் சந்தை சம்பந்தமானவை. "இதுக்கு என்னதான் சார் அர்த்தம்?" என்று ஒருவர் கேட்டார். "பார்த்தால் தெரியும்" என்றேன் நான். பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாத ஆசிரியர்கள் சொல்லுகிற வார்த்தை அது.

முதலாவது படம் மேல்நாட்டான் எழுதியது. பீட்டர் புரூகல் என்கிற சித்திரக்காரர், இன்று பெல்ஜியம் என்று வழங்கும் தேசத்து ஆண்ட்வெர்ப் நகரத்தில் இருந்துகொண்டு, 1559-ஆம் வருஷம், நாலடிக்குச் சற்றுக் குறைந்த உயரமும் ஐந்தரை அடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் உள்ள ஒரு மரப்பலகையில் எண்ணெய் வர்ணத்தால் எழுதியது. இப்போது வியன்னா நகரத்து அருங்காட்சிசாலையில் இருக்கிறது. ஓர் ஊரின் சந்தைச் சதுக்கம். அதில் ஏறக்குறைய இருநூறு பேர். இடக்கைப் பக்கம் ஒரு சத்திரம், வலக்கைப் பக்கம் ஒரு மாதாகோயில், நடுவே ஒரு கிணறு. முன்புறத்தில் பீப்பாயின் மேல் ஏறி உட்கார்ந்த தொந்திக்காரன் ஒருவன், பன்றித் தலை குத்திய கம்பியை ஈட்டி போல நீட்டிக்கொண்டு வருகிறான். அவனுக்கு எதிரே, எலும்பும் தோலுமான ஓர் உருவம், சக்கரப் பலகையின் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ரொட்டி அடுப்புத் துடுப்பில் இரண்டே இரண்டு மீனை வைத்து நீட்டுகிறது. சண்டைக்கு வந்தவர்கள் போலிருந்தாலும் சண்டை நடக்கக் காணோம்.

பண்டிதர்கள் இதற்குச் சொல்லும் வியாக்கியானம் இது: கிறிஸ்தவர்கள் உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு முன்னே நாற்பது நாள் தவக்காலம் காக்கிறார்கள், அது பிறப்பதற்கு முன்பு, இனிக் கிடைக்காது என்று தின்று குடித்துக் கூத்தாடும் களியாட்டக் காலம் ஒன்று உண்டு, தொந்திக்காரன் அந்தக் களியாட்டம், எலும்பன் இந்தத் தவம், இருவரும் ஒரே சதுக்கத்தில் எதிர்ப்படுகிறார்கள். இதை நான் உங்களுக்கு விளக்க வாயெடுப்பதற்குள், பொரிகடலைக்காரர் சொல்லிவிட்டார்: "சத்திரத்துப் பக்கம் திங்கறாங்க, கோயில் பக்கம் பிச்சை போடறாங்க, நடுவுல தண்ணி. நம்ம ஊருதான் சார்!" அப்போது எல்லாரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் யோசித்தபோது, அவர் சொன்னதைவிட நல்ல வியாக்கியானத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை என்று தோன்றியது. புரட்டாசி பிறப்பதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வாசலில் நிற்கும் வரிசையையும், பெருமாளுக்கென்று ஒரு மாதம் வாயைக் கட்டி, மாதம் முடிந்த மறு ஞாயிறு அதே கறிக்கடை வாசலில் இன்னும் நீளமாக நிற்கும் வரிசையையும் பார்த்தவனுக்கு, ஆண்ட்வெர்ப்பிலிருந்து ஒருவன் வந்து எதைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்? தொந்திக்காரனும் எலும்பனும் இரண்டு ஆள் அல்லர். அதே ஆள்தான் இரண்டு மாதத்தில். புரூகலுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இருவரில் ஒருவனையாவது ஜெயிக்க விட்டிருப்பார்.

ஆனால் ஒன்று. அந்தப் படத்தில் சண்டையைக் காட்டிலும் என்னை இழுப்பது சண்டையைக் கவனியாமல் இருப்பவர்கள். கிணற்றருகே மீன் விற்கும் பெண்பிள்ளை, நெருப்பில் அப்பம் வார்க்கிறவள், சூதாடுகிறவர்கள், பம்பரம் விடும் குழந்தைகள், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சதுக்கத்தின் நடுவே நடக்கும் ஒரு புருஷனும் ஸ்திரீயும். அவர்களுக்குப் பட்டப்பகலில் தீவட்டி பிடித்து வழி காட்டிக்கொண்டு போகிறான் ஒரு கோமாளி. ஊரே இரண்டாகப் பிரிந்து நிற்கும்போதும் மீன் விற்றாக வேண்டும், அப்பம் கருகாமல் எடுத்தாக வேண்டும். இளங்கோவடிகள் புகாரை வருணிக்கையில் மருவூர்ப்பாக்கம் என்றும் பட்டினப்பாக்கம் என்றும் நகரத்தை இரண்டாக்கி, இரண்டுக்கும் இடையே மரத்தடியில் நாளங்காடியை வைத்து, அதற்கு ஒரு பூதத்தைக் காவலும் வைத்தார். சந்தை என்பது எப்போதும் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருப்பது. பக்கம் சேர்ந்துவிட்டால் அது சந்தையாயிராது, பாசறையாகிவிடும்.

இங்கே ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் மேல் எனக்குக் குறை உண்டு. படத்தின் வலப்பக்கத்திலும் நடுவிலுமாக முடவர்களும் பிச்சைக்காரர்களும் நிறைய இருக்கிறார்கள். குங்குமக் கடைக்காரர் அவர்களைத் தம் பெருவிரலால் மறைத்துக்கொண்டு, "இப்பப் பாருங்க, எவ்வளவு லட்சணமா இருக்கு!" என்றார். நாள் முழுவதும் குங்குமம் மடித்துக் கொடுத்த விரல். மறைத்த இடத்தில் ஒரு சிவப்பு வட்டம் பதிந்துவிட்டது. அவர் பதறிப்போய்த் துண்டால் துடைக்க, அது இன்னும் பரவிற்று. நான் பரவாயில்லை என்றேன். அப்போது சொல்லாததை இப்போது சொல்லுகிறேன்: உங்களுக்கு முன்பே அந்த நாட்டிலும் ஒருவர் இதே காரியத்தைத் தூரிகையால் செய்திருக்கிறார். பார்க்கப் பொறாத சில உருவங்களையும், கிடத்தியிருந்த பிணத்தையும் பிற்காலத்தில் யாரோ வர்ணம் பூசி மறைத்துவிட்டார்கள். மகனான இளைய புரூகல் தந்தையின் சித்திரத்தைப் பின்பற்றி எழுதிய பிரதிகளில் அவர்கள் மறையாமல் இருந்தபடியால்தான், மூலப் படத்தில் இன்னார் காணாமற் போனார் என்பது பிற்பாடு தெரிந்தது. வாங்கினவன் தன் வீட்டுச் சுவரில் அழகான சந்தை வேண்டும் என்று நினைத்தான் போலும். திருவிழாவுக்கு முந்திய நாள் நம் வீதியிலிருந்து யார் யாரை அப்புறப்படுத்துகிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டுக்காரனை நாம் பரிகசிக்க முடியாது.

உங்களில் ஒருவர் "படத்துக்குக் கீழே எழுத்து எங்கே?" என்று கேட்டதும் நினைவிருக்கிறது. பேதைமையான கேள்வி என்று அப்போது நினைத்தேன்; பேதைமை என்னுடையது. இங்கிருந்து ஒரு மணி நேரப் பிரயாணத்தில் இருக்கிற ஸ்ரீகாளஹஸ்தியில், மூங்கில் எழுதுகோலால் துணியில் கலம்காரி எழுதுகிறவர்கள், ராமாயணக் கதையைக் கட்டம் கட்டமாக எழுதி ஒவ்வொரு கட்டத்துக்கும் தெலுங்கில் இன்னது இது என்று குறித்து வைப்பது பரம்பரை வழக்கம். திருவாரூர்த் தேவாசிரியன் மண்டபத்து விதானத்தில் முசுகுந்த சக்கரவர்த்தியின் கதையை எழுதியவர்களும், தேவர்களையும் ஊர்வலத்தையும் ஆடுகிறவர்களையும் வாணவேடிக்கையையும் எழுதி, கீழே தமிழில் விவரமும் எழுதினார்கள். அண்ணாந்து பார்க்கிறவனுக்கு அர்த்தம் சொல்ல ஆள் வேண்டாம், படமே சொல்லிவிடும். எழுத்தை எடுத்துவிட்டு, மண்டபத்திலிருந்து இறக்கிச் சட்டத்துக்குள் மாட்டிய பிறகுதான் 'இதற்கு என்ன அர்த்தம்' என்கிற கேள்வியும், அதற்குப் பதில் சொல்லிச் சம்பளம் வாங்குகிற என்னைப் போன்றவர்களும் உண்டானோம். ஆகவே எழுத்து எங்கே என்று கேட்டவர் சம்பிரதாயம் அறிந்தவர்; அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி இரண்டாவது படம். உண்மையில் இந்த மடலே அதற்காகத்தான்.

அதை எழுதியவள் ஒரு பெண். பெயர் அம்ரிதா ஷேர்கில். 1913-ல் ஹங்கேரி தேசத்து புடாபெஸ்ட் நகரில் பிறந்தவள். தகப்பனார் பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியப் பிரபு, தாயார் ஹங்கேரியர். பாரிஸில் சித்திரம் கற்று, அங்கேயே பதக்கமும் வாங்கி, 1934-ன் முடிவில் இந்தியா திரும்பினாள். 1936-ன் கடைசியில் தெற்கே யாத்திரை புறப்பட்டு, அஜந்தாவையும் எல்லோராவையும் பார்த்து, கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவர்ச் சித்திரங்களை நாட்கணக்கில் உட்கார்ந்து பிரதி செய்து, கன்னியாகுமரி வரைக்கும் போய், பிறகு சிம்லா மலைக்குத் திரும்பி, 1937-ல் மூன்று படங்கள் எழுதினாள். ஒன்று மணப்பெண் அலங்காரம், ஒன்று பிரம்மசாரிகள், மூன்றாவது, தென்னிந்தியக் கிராமத்தார் சந்தைக்குப் போவது. நாலே வருஷத்தில், 1941 டிசம்பரில், லாகூரில் இருபத்தெட்டாம் வயதில் இறந்துபோனாள். அவள் படங்கள் தேசத்தை விட்டு வெளியே போகலாகாத பொக்கிஷங்கள் என்று 1976-ல் சர்க்கார் அறிவித்தது. டில்லியில் நவீன கலைக்கூடத்தில் அவளுடைய படங்கள் அநேகம் இருக்கின்றன. நீங்கள் பார்த்தது அந்த மூன்றாவது படத்தின் அச்சு.

பார்த்த மாத்திரத்தில் உங்களுக்கு அது பிடிக்கவில்லை. புரூகலின் படத்தில் விரலை வைத்து ஆளைத் தேடித் தேடிக் களித்தவர்கள் இதைப் பார்த்ததும் மௌனமாகிவிட்டீர்கள். "இவ்வளவு கறுப்பாவா சார் எழுதுறது?" என்றார் படக்கடைக்காரர், அவர் விற்பது ரோஜா நிறக் கன்னத்தோடு கூடிய தாயார் படங்கள். ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சுக்கூடம் வைத்து சுவாமி படங்களை வீட்டுக்கு வீடு அனுப்பத் தொடங்கிய நாள் முதலாக, நம்முடைய தெய்வங்கள் நம்மைவிட வெளுப்பாகிக்கொண்டே வந்திருக்கின்றன. இதில் நான் உங்கள் கட்சி இல்லை. அந்தப் பெண் எழுதிய கறுப்பு, செம்மண்ணும் தவிட்டு நிறமும் கலந்த கறுப்பு. அதன் பக்கத்தில் வெள்ளை வேஷ்டியையும் வெள்ளைச் சேலையையும் வைத்து, இரண்டையும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும்படி செய்திருக்கிறாள். வெயிலில் நின்று பிழைக்கிறவர்களின் தோலை இவ்வளவு கம்பீரமாக எழுதியவர்கள், அஜந்தாவில் எழுதியவர்களுக்குப் பிற்பாடு நம் தேசத்தில் அதிகம் பேர் இல்லை. அன்றைக்கு நீங்கள் கறுப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, ராந்தல் வெளிச்சத்தில் உங்கள் கைகள் எல்லாம் அந்தப் புத்தகத்தின் மேல் இருந்தன. அச்சு மையும் உங்கள் கையும் ஒரே நிறமாயிருந்ததை நான் பார்த்தேன், நீங்கள் பார்க்கவில்லை.

அடுத்ததாகத் தேங்காய்க் கடைப் பெரியவர் சொன்னதில் ஒரு நுட்பம் இருந்தது. "அந்தப் படத்துல ஆளு மாடியில நின்னு பாக்கறான், இதுல தரையில நின்னு பாக்கறாங்க" என்றார். முப்பது வருஷம் பாடம் சொன்னவனுக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றிவிட்டது. புரூகலின் கண் உயரத்தில் இருக்கிறது. அதனால்தான் அவருக்கு இருநூறு பேரும் அகப்பட்டார்கள். அம்ரிதாவின் கண், சந்தைக்குப் போகிறவர்களின் தோளுக்கு நேரே நிற்கிறது; அவர்கள் படத்தை நிறைத்துக்கொண்டு நிற்கிறார்கள்; பின்னால் ஊரும் தெரியாது, முன்னால் சந்தையும் தெரியாது. பெரியவர் மேலும் சொன்னார்: "மாடியிலேருந்து பாத்தா கூட்டம் தெரியும், கிராக்கி தெரியாது."

அதற்குப் பிறகுதான் வளையல்கார அம்மாள் பேசினார். நான் படத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன்: முகங்களில் துக்கம் குடிகொண்டிருக்கிறது, யாரும் யாரோடும் பேசவில்லை, நடப்பதாகப் பெயர் வைத்திருக்கிறாள், ஆனால் ஒருவரிடமும் நடை தெரியவில்லை, எழுதியவளே தன் நோக்கம் இந்தியாவின் ஏழைகளை, அவர்களுடைய பொறுமையையும் பணிந்துபோகும் தன்மையையும் சித்திரத்தில் காட்டுவது என்று எழுதி வைத்திருக்கிறாள், என்றெல்லாம். அந்த அம்மாள் வளையல் அடுக்கும் கோலில் பச்சை வளையல்களைக் கோத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்: "துக்கமும் இல்லை, ஒண்ணும் இல்லை சார். இன்னும் போணி ஆகலை."

எல்லாரும் சிரித்தீர்கள். நான் மழுப்பியது அப்போதுதான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் மிகையாகும், தூங்கினேன். ஆனால் மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து உங்கள் வீதிக்கு வந்தேன். சுற்றுக் கிராமத்துப் பெண்கள் உதிரிப்பூவைக் கூடையில் கொண்டுவந்து இறக்கும் நேரம். அவர்கள் நடந்து வருவதைப் பார்த்தேன். தலையில் சும்மாடு, சும்மாட்டின் மேல் கூடை. கூடையோடு வருகிறவள் கழுத்தைத் திருப்புவதில்லை. யாராவது கூப்பிட்டால் உடம்பு முழுவதையும் திருப்பி நிற்பாள், கண்ணால் மட்டும் பதில் சொல்லுவாள். பேச்சும் இல்லை, மூச்சைப் பேச்சில் செலவழித்தால் நடைக்குப் போதாது. கூடையை இறக்கி வைத்த பின்பும், கொஞ்ச நேரம் அந்தக் கழுத்து அப்படியே நிற்கிறது. சுமை இறங்கிவிட்டது என்று கழுத்துக்குத் தெரியத் தாமதமாகிறது. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர்களுடைய முகத்தைப் பார்த்தேன். எனக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

நாம் துக்கம் என்று படித்தது சுமந்து பழகிய உடம்பின் நிலை. பணிவு என்று படித்தது கணக்கு. முந்தாநாள் முழம் என்ன விலைக்குப் போயிற்று, இன்றைக்கு வெள்ளிக்கிழமையா, மழை வருமா, முதல் கிராக்கி கைராசிக்காரராக வருவாரா, பேரம் பேசாமல் வாங்குவாரா என்று உள்ளுக்குள்ளே ஓடிக்கொண்டிருக்கிற கணக்கு. கணக்குப் போடுகிறவன் முகம் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குச் சோகம் போலத்தான் இருக்கும். ஆறே முக்காலுக்கு முதல் போணி ஆனது. அந்தப் பெண்பிள்ளை காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மடியில் செருகினாள். அடுத்த நிமிஷமே பக்கத்துக் கடைக்காரியோடு வாய்ச்சண்டை ஆரம்பித்துவிட்டாள். சித்திரம் எழுதியிருந்தால் அந்த ஆறே முக்காலுக்கு முன்னால் எழுதி முடித்திருக்க வேண்டும்.

அப்படியானால் அம்ரிதா தப்பாக எழுதிவிட்டாளா என்று கேட்பீர்கள். இல்லை என்பது என் தீர்ப்பு. அவள் எழுதியது சரி. எழுதியதைப் பற்றி அவள் சொன்னதுதான் முழுவதும் சரியல்ல. கண்ணால் கண்டதைக் கை உள்ளபடி எழுதிவிட்டது. பிரபுவின் வீட்டிலே பிறந்து பாரிஸில் படித்த வாய் அதற்குப் பொறுமை என்றும் பணிவு என்றும் பெயர் வைத்தது. சந்தையிலிருந்து திரும்புகிறவர்கள் என்று எழுதாமல் சந்தைக்குப் போகிறவர்கள் என்று எழுதினாளே, அங்கேதான் அவளுடைய கண்ணின் சாமர்த்தியம் இருக்கிறது. திரும்பி வருகிறவனின் முகத்தில் லாபமோ நஷ்டமோ எழுதியிருக்கும், யாரும் படித்துவிடலாம். போகிறவனின் முகத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. அதை எழுதாமலே எழுத வேண்டும். எழுதியிருக்கிறாள்.

நம் பக்கத்து மனுஷர் ஒருவரையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். நாகலாபுரத்தில் பிள்ளைப் பிராயத்தைக் கழித்து, சென்னைச் சித்திரப் பள்ளியில் தேவிபிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்று, கலாக்ஷேத்திரத்தில் ஆசிரியராயிருந்த கே. ஸ்ரீனிவாசுலு, கிராமத்து ஜனங்களை எழுதும்போது லேபாக்ஷிச் சுவர்ச் சித்திரங்களிலிருந்தும் தோல்பாவைகளிலிருந்தும் கண்ணையும் கோட்டையும் எடுத்துக்கொண்டார். அவருடைய ஜனங்கள் விழித்த கண்ணர்கள். ஏதோ மேளச் சத்தம் கேட்டு நிற்பவர்கள் போலிருப்பார்கள். ஒரே நாட்டு ஜனங்களை ஒருவர் திருநாள் முகத்தோடும் இன்னொருத்தி விடியற்கால முகத்தோடும் எழுதினார்கள். எனக்கு ஸ்ரீனிவாசுலுவின் கோடு பிடிக்கும். ஆனாலும் நாலரை மணிக்கு நான் பார்த்த முகம் அவருடைய படங்களில் இல்லை.

இனி உங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வீதியைப் படம் எழுத அவ்வப்போது சித்திரம் பயிலும் பிள்ளைகள் பலகையும் காகிதமுமாக வந்து உட்காருவது உண்டு. வந்தவர்களை நீங்கள் முதலில் வரி கணக்கெடுக்கிறவர்களோ, கடையை அளந்து இடிக்க வருகிறவர்களோ என்று சந்தேகிக்கிறீர்கள். சந்தேகம் தீர்ந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு, தலையை வாரி, சாமானை அடுக்கி, போட்டோவுக்கு நிற்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறீர்கள். இரண்டும் அவர்களுடைய படத்தைக் கெடுத்துவிடுகின்றன. வளையல்கார அம்மாள் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து, விரல் முட்டிகளை ஒடுக்கி வளையலை ஏற்றும்போது, வளையலைப் பார்ப்பதில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கிறார். வலிக்கிறதா என்பது முகத்தில்தானே தெரியும்? படம் எழுத வந்த பையன் ஒருவன் அவர் வளையலைக் குனிந்து பார்ப்பதாக எழுதிக்கொண்டு போனான். ஏனென்றால் அவன் முன்னே அவர் அப்படித்தான் உட்கார்ந்து காட்டினார். இன்னும் நூறு வருஷம் கழித்து அந்தக் காகிதத்தைப் பார்க்கிற பண்டிதன், இந்த நாட்டு வளையல்காரிகள் தொழிலில் கவனமும் மனுஷரிடத்தில் அலட்சியமும் உள்ளவர்கள் என்று வியாக்கியானம் எழுதுவான். யார் அவனைத் திருத்துவது?

ஆகையால் என் வேண்டுகோள் இது. அடுத்த தடவை பிள்ளைகள் வந்தால் விரட்டாதீர்கள்; அவர்களுக்காக நிமிரவும் வேண்டாம். உங்கள் பாட்டுக்கு முழம் போடுங்கள், கொசுறுக்குச் சண்டை பிடியுங்கள், கடன் நோட்டைப் புரட்டுங்கள், கண் அசந்தால் தூங்குங்கள். பதினோரு மணிக்கு வருகிற பிள்ளையிடம் மறுநாள் போணிக்கு முன்னே வரச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் காகிதத்தை வாங்கிப் பாருங்கள்; தப்பாயிருந்தால், எனக்குச் சொன்னதுபோல் அவர்களுக்கும் தலையைத் தூக்காமல் சொல்லிவிடுங்கள்.

புத்தகம் வளையல் கடை அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறது; யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். குங்குமக் கடைக்காரர் மட்டும் கையைக் கழுவிக்கொண்டு எடுக்கவும். அந்தச் சிவப்பு வட்டத்தை நான் அழிக்கப் பார்த்தேன், போகவில்லை.

இப்படிக்கு,
உங்கள் டிராயிங் சார்